பத்து நிமிஷம் ஓடி நிக்கிற வேக்கம்

செருப்ப வாசல்லயே விட்டுருங்கண்ணே. உள்ள வாங்க. அம்மா இல்ல, கண் டாக்டரைப் பாக்கப் போயிருக்காங்க. பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவாங்க. நீங்க வந்தா மிஷினைக் காட்டச் சொன்னாங்க. இதோ, இதுதான் அந்த வேக்கம் கிளீனர். நான் தொடலண்ணே. இங்க கொண்டாந்து வெச்சதுகூட நான் இல்ல. சரி, நான்தான் தூக்கிட்டு வந்தேன், வேற யாரு இருக்கா இந்த வீட்ல. ஆனா தூக்கி வெச்சது மட்டும்தான்.

உக்காருங்க. ஃபேன் போடட்டா? மாசி மாசமே திருச்சியில இப்படிக் கொளுத்துது. தண்ணி குடிங்க. பையில இருக்கே ஒரு புக்கு, அதுலதானே எழுதிக் கிழிச்சுக் குடுப்பீங்க? அம்மா நேத்து மத்தியானம் என்ன சொன்னாங்க தெரியுமா? கோபமாச் சொல்லல. கோபமாச் சொன்னா எனக்குப் பயமே கிடையாது. தயிர்சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே மெதுவாச் சொன்னாங்க. "மெக்கானிக் வந்து பாக்கட்டும் ஜெயக்கொடி. தானாக் கெட்டுதா, கை பட்டுக் கெட்டுதான்னு அவர் எழுதித் தருவார். அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசிக்கலாம். இந்த ரெண்டு வார்த்தைக்கு அப்புறம் எனக்குச் சோறு இறங்கலண்ணே.

அம்மாவைத் தப்பாச் சொல்லலை. கோமளவல்லி டீச்சர்னா தில்லைநகர்ல தெரியாதவங்க இல்ல. பெரிய ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிடையர் ஆனவங்க. இன்னைக்கும் வங்கி மேனேஜர்லேர்ந்து காய்கறிக்காரர் வரைக்கும் அவங்களைப் பாத்தா சட்டை பட்டனைப் போட்டுக்குவாங்க. பின்னாடி மாமரத்தை ஒட்டி ஒரு ரூம் இருக்கு பாருங்க, நீலக் கதவு. அதுலதான் நானும் என் பொண்ணு மோனிஷாவும் இருக்கோம். அவ அப்பா பெரம்பலூர்ல இன்னொரு குடும்பம் வெச்சுக்கிட்டு இருக்காரு, அதை விடுங்க. வேலை இருக்கிற வரைக்கும் ரூம். வேலை போச்சுன்னா ரூமும் போச்சு. மோனிஷா பிளஸ் டூ. இன்னும் ஒம்போது நாள்ல பரீட்சை. சுவர் பூரா ஏதேதோ எழுதி ஒட்டி வெச்சிருக்கா, கெமிஸ்ட்ரியாம். இப்ப வந்து ஒருத்தர் காலி பண்ணுன்னா அந்தச் சுவரை நான் எங்கண்ணே தூக்கிட்டுப் போவேன்?

அதனாலதான் கேக்கறேன். பாத்து எழுதுங்க. எனக்காகப் பொய் எழுதச் சொல்லலை. ஆனா நான் தொடலங்கிறதை மனசுல வெச்சுக்கிட்டு எழுதுங்க.

என்ன ஆகுதுன்னு சொல்லட்டா? போட்டா ஓடும். நல்லாத்தான் ஓடும், மாவு மில்லு மாதிரி சத்தம். பத்து நிமிஷம் ஆச்சுன்னா சூடாயிரும், ஒரு தீயற வாசனை வரும், டப்னு நின்னுரும். என்ன அமுக்கினாலும் உசுரே இருக்காது. அப்புறம் அது பாட்டுக்கு எப்பவோ ஓடும். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சது. மொதல்ல அரைமணி ஓடிச்சு, அப்புறம் இருபது, இப்பப் பத்து. ஆள் எளைச்சுக்கிட்டே போற மாதிரி.

தூசிப் பையா? நிறையலண்ணே. ஒவ்வொரு சனிக்கிழமையும் கொட்டிருவேன். தொடலன்னு சொன்னேன், கொட்டுறது தொடறதுல சேருமா? அது குப்பை கொட்டுற வேலை, அது என் வேலைதானே. பாதிக்கு மேல ஏற விட்டதே இல்ல.

பிரஷ்ஷை ஏன் திருப்பிப் பாக்கறீங்க? முடி சுத்தியிருக்கான்னா? இருக்காது. போன வாரம்தான் கத்திரிக்கோலால வெட்டி எடுத்தேன். உருளை பூரா அம்மா முடி, வெள்ளி நூல் கணக்கா. நடுவுல ரெண்டு கறுப்பு முடி இருந்துச்சு. அதைப் பாத்ததும் பக்குனு ஆயிருச்சு. என் முடின்னு தெரிஞ்சா? என் முடியாலதான் கெட்டுதுன்னா? அந்த ரெண்டையும் தனியா எடுத்துத் தாள்ல மடிச்சு அடுப்புல போட்டேன். அதுக்கப்புறம் கொண்டையில துண்டு கட்டாம இந்த மிஷின் பக்கமே போறதில்ல.

பைப்பும் பாத்தாச்சு. ஒரு பக்கம் கண்ணை வெச்சு ஜன்னல் பக்கம் தூக்கிப் பாத்தேன், வெளிச்சம் வரலை. ஐயோன்னு ஆயிருச்சு. அம்மா தூங்கற நேரமாப் பாத்து, கொடிக்கம்பியை நிமுத்தி, நுனியில துணி சுத்தி, மெதுவாக் குத்தினேன். என்ன வந்துச்சுன்னு நெனக்கிறீங்க? ஒரு கத்திரிக்காய். கொலுவுல செட்டியார் பொம்மை கடை போடுவாங்கல்ல, அதுக்கு முன்னாடி வெக்கிற மண்ணு கத்திரிக்காய், இத்துனூண்டு. நவராத்திரிக்கு உருண்டது அங்க போய் உக்காந்திருக்கு. கழுவித் தொடைச்சு பொம்மைப் பெட்டியிலயே போட்டுட்டேன். யாருக்கும் தெரியாது. உங்ககிட்டத்தான் சொல்றேன். எடுத்தும் என்ன பிரயோசனம், வேக்கம் மறுபடியும் பத்து நிமிஷத்துல நின்னுச்சு.

ஃபில்டரா, அந்தப் பஞ்சு மாதிரி இருக்கிறதா? அலசினேன். ஈரத்தோட மாட்டினா மோட்டார் போயிரும்னு மோனிஷா ஃபோன்ல பாத்துச் சொன்னா. அதனால எங்க ரூமுக்குள்ள கயிறு கட்டி, நிழல்லயே ஒண்ணரை நாள் காயவெச்சு மாட்டினேன். ஏன் சிரிக்கிறீங்க? எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கேனா? நெசமாவா? அப்ப அதை எழுதிக்கங்களேன். வேணாம், எழுதாதீங்க. எழுதினா இவ ஏன் இதையெல்லாம் நோண்டினான்னு வரும். நான் தொடலண்ணே, அவ்வளவுதான்.

மணி என்ன, பத்தரையா? கேட் சத்தம் கேட்டா கொஞ்சம் பேச்சை நிறுத்திக்குவோம்.

பொங்கலுக்கு மொத வாரம் நடந்ததைக் கேளுங்க, இது மெக்கானிக் தெரிஞ்சுக்க வேண்டியதுதான். அந்தக் கடைசி ரூம் ஐயாவோடது. அம்மா வீட்டுக்காரர், இன்ஜினியரா இருந்தவர், போய் மூணு வருஷம். கட்டில், மேசை, கண்ணாடிக் கூடு எல்லாம் அப்படியே இருக்கு, சுவத்துல மாலை போட்ட படம். அந்த ரூம்ல கம்பளத்தைக் கூட்டிட்டு இருக்கேன், டப்னு நின்னுருச்சு. எப்பவும் போலத்தானேன்னு அப்படியே விட்டுட்டுக் குக்கர் வெக்கப் போயிட்டேன். அம்மா ஹால்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தாங்க. வீட்ல நாங்க ரெண்டே பேர். அரைமணி இருக்கும். ஐயா ரூம்ல திடீர்னு ஊ...ன்னு சத்தம். ஆளில்லாத ரூம்ல. நான் கரண்டியைப் போட்டுட்டேன். போய்க் கதவோரம் நின்னு பாக்கறேன், வேக்கம் தானா ஓடுது. பைப்பு கம்பளத்துல நெளியுது, ஐயா படத்துல மாலை ஆடுது.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊத்திருச்சு. ஐயாவுக்கு இந்தச் சத்தமே ஆகாது, உசுரோட இருக்கும்போது அடிக்கடி திட்டுவாரு. அம்மா வந்து என் பின்னாடி நின்னாங்க. அவங்க கை என் தோளை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சுண்ணே. நான் திரும்பிப் பாத்ததும் கையை எடுத்துட்டாங்க. "சுவிட்சை அணைக்காம வந்திருக்கே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான்தான் போய் வயரைப் புடுங்கினேன், கண்ணை மூடிக்கிட்டு. அன்னையிலேர்ந்து வேலை முடிஞ்சா வயரைப் புடுங்கிச் சுருட்டி, ஒரு எலுமிச்சம்பழத்தை அதுக்கு முன்னாடி வெச்சுட்டுத்தான் வருவேன்.

ஓ, சூடானா தானா நிக்கும், ஆறினா தானா ஓடுமா? அப்படி ஒண்ணு உள்ளயே வெச்சிருக்காங்களா? இதை யாராவது மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் தூக்கம் கெட்டிருக்காதே. அப்ப எதுக்குண்ணே சூடாகுது? அதானே கேள்வி. பாருங்க, பாருங்க.

எனக்கு ஏன் இவ்வளவு பயம்னு உங்களுக்குப் புரியாது. எனக்கு முன்னாடி இங்க லூர்து அக்கா இருந்தாங்க, பாலக்கரைக்காரங்க. பதினோரு வருஷம் வேலை பாத்தவங்க. ஒரு நாள் பூஜை ரூம்ல வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம். ஐயா கல்யாணத்தப்போ வாங்கிக் குடுத்த சிமிழ். அம்மா கேட்டாங்க, அக்கா எடுக்கலைன்னாங்க. "சரி, அப்புறம் பேசிக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அக்கா மூணு நாள் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடி, கடைசியில அம்மாவோட பட்டுப்புடவை மடிப்புக்குள்ளேர்ந்து எடுத்தாங்க. ஏதோ கல்யாணத்துக்கு அம்மாவே எடுத்துட்டுப் போய் அப்படியே மடிச்சு வெச்சிருக்காங்க. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கல. ஹால்ல நாலு விருந்தாளி உக்காந்திருக்காங்க, ஓடிவந்து, "அம்மா, உங்க புடவையிலயே இருந்துச்சும்மா"ன்னு காட்டிட்டாங்க. அம்மா சிரிச்சு வாங்கிக்கிட்டாங்க. அந்த வாரக் கடைசியில கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. "நீ நல்லவதான் லூர்து. ஆனா இனிமே வேண்டாம்"னாங்களாம். அக்காவுக்கு நேரம் சரியில்ல. குத்தமே பண்ணாதவங்களுக்கே அப்படின்னா, என்னை நெனச்சுப் பாருங்க.

ஆனா அம்மா மனசு பெருசுண்ணே, அதையும் சொல்லணும். நான் வந்த புதுசுல அவங்க மாம்பழக் கலர் பட்டுப்புடவையை இஸ்திரி போடறப்போ பொசுக்கிட்டேன். ஒரு மணி நேரம் நிக்கவெச்சுப் பேசினாங்க. நான் அழுதேன், கால்ல விழுந்தேன். அப்புறம் அவங்களே காபி போட்டுக் குடுத்தாங்க. "தப்புப் பண்ணினேன்னு ஒத்துக்கிட்டே பாரு, அதுதான் எனக்கு வேணும்"னாங்க. இன்னைக்கும் சொந்தக்காரங்க வந்தா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவ என் பட்டைப் பொசுக்கினவ, நான் ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னு சொல்லுவாங்க. எல்லாரும் என்னைப் பாப்பாங்க. தீபாவளிக்கு எனக்கும் மோனிஷாவுக்கும் அந்த வருஷம்தான் புதுப்புடவையும் சுடிதாரும் எடுத்தாங்க. அப்படி ஒரு மனசு.

அண்ணே, அண்ணே, அதைச் சுரண்டாதீங்க. ஸ்க்ரூடிரைவரை எடுங்க அங்கேர்ந்து. அது பூஜைச் சந்தனம். ஆயுதபூஜைக்கு வெச்சது. சாமானுக்கு வெச்ச பொட்டை நாம அழிக்கக் கூடாது, அதுவா உதிரணும். நான் வாரா வாரம் தொடைக்கும்போதுகூட அதைச் சுத்தித்தான் தொடைப்பேன், ஈரத்துணி அது மேல பட்டதே கிடையாது. இந்த மிஷின்ல நான் நெசமாவே தொடாத எடம் அது ஒண்ணுதான்.

யாரு வெச்சதா? அம்மாதான். வேற யாரு வெப்பாங்க? நீங்க பாத்திருக்கணும் இந்த வீட்டு ஆயுதபூஜையை. ஐயாவோட ஸ்பானர் பெட்டி, ஸ்கூட்டர், தையல் மிஷின், அரிவாமனை, மிக்ஸி, எல்லாத்தையும் கழுவி வரிசையா வெப்போம். அம்மாவே கல்லுல பன்னீர் விட்டுச் சந்தனம் அரைப்பாங்க, கெட்டியா, இட்லி மாவு பதத்துக்கு. ஐயா போனதுக்கப்புறம் தன் நெத்தியில ஒரு பொட்டு வெச்சுக்கறதில்ல. ஆனா சாமானுங்க நெத்தியில குறை வெக்கவே மாட்டாங்க. அந்த மூணு விரலால அள்ளி அப்புறதைப் பாத்தா எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோணும். போன பூஜைக்குத்தான் மொத தடவையா வேக்கத்தையும் வரிசையில வெச்சாங்க, அதுக்கு எது முகம்னு பாத்தாங்க. இந்தப் பக்கம் கோடு கோடா இருக்குல்ல, பல்லு மாதிரி, இதுதான் முகம்னு சொல்லி ஒரு கை நிறைய அப்பி, மேல குங்குமத்தையும் அமுக்கினாங்க. அன்னைக்கு எந்தச் சாமானையும் எடுக்கக் கூடாதுல்ல, மறுநாள் விஜயதசமி வரைக்கும் அப்படியே இருந்துச்சு. காஞ்சு சிமெண்ட் கணக்கா ஆயிருச்சு.

என்னது, முகம் இல்லையா? முதுகா? காத்து வெளிய போற வழியா அது?

உள்ள இழுத்த காத்து இந்தக் கோடு வழியாத்தான் வெளிய போகணுமா. இதை அடைச்சா சூடு உள்ளயே நின்னு, மோட்டார் கொதிச்சு... அடக் கடவுளே. சந்தனம் பாதி, அது மேல படிஞ்ச தூசி மீதி. வேற எதுவுமே இல்லையா? எல்லாம் நல்லா இருக்கா? சரி, எடுங்க. கண்ணுல ஒத்திக்கிட்டு எடுங்க. இருங்க, கீழ விழ வேணாம், இந்தத் தாளைப் பிடிக்கிறேன். எம்மாடி, எவ்வளவு வருது பாருங்க, ஒரு கொட்டாங்கச்சி அளவுக்கு. இன்னும் வாசனை போகலை.

போடுங்க, போட்டுப் பாருங்க. ஓடுது. சத்தமே வேறயா இருக்கு, லேசா இருக்கு. மணி பத்து நாப்பது. நிக்கும் பாருங்க. இல்ல, நிக்காதா? நான் கடிகாரத்தையே பாக்கறேன். பத்து அம்பது. நிக்கலண்ணே. கையை வெச்சுப் பாக்கட்டா? சூடு இல்ல. பத்து அம்பத்தஞ்சு. அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும். என் மேல தப்பே இல்ல பாத்தீங்களா? நான் சொன்னேன்ல, நான் தொடலைன்னு? காபி போடறேன் இருங்க, டிகிரி காபி.

எழுதறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. படிச்சுக் காட்டுங்க, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது.

"ஆயுதபூஜையின்போது வீட்டு உரிமையாளர் காற்று வெளியேறும் பகுதியில் சந்தனம் பூசியதால் அடைப்பு."

இன்னொரு தடவை படிங்க.

வேணாம்ணே. அதை எழுதாதீங்க. உண்மைதான், நான்தான் சொன்னேன். ஆனா அந்தப் பேப்பர் அம்மா கைக்குப் போகும். படிப்பாங்க. நீங்க நின்னுட்டு இருப்பீங்க, நானும் நின்னுட்டு இருப்பேன். சிரிச்சு வாங்கிக்குவாங்க. லூர்து அக்காகிட்ட வாங்கிக்கிட்ட மாதிரியே. அண்ணே, எனக்கு இப்பத்தான் விளங்குது, இவ்வளவு நேரம் நான் எதுக்குப் பயந்துட்டு இருந்தேன்னு. பட்டைப் பொசுக்கினவ ஆறு வருஷமா இங்கதான் இருக்கேன். சிமிழைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவங்கதான் போனாங்க.

அதைக் கிழிச்சுருங்க. வேற தாள்ல எழுதுங்க. வேலைக்காரி சந்தனத்தை அப்பிட்டான்னு எழுதுங்க. ஜெயக்கொடின்னு பேரே போடுங்க. பொய்யில்லண்ணே, சந்தனக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நான்தானே நின்னேன். அம்மாவுக்கு ஞாபகம் இருக்காதான்னு கேக்கறீங்களா? இருக்கும். நல்லா இருக்கும். இருந்தா என்ன? நான் செஞ்சேன்னு நான் சொல்லுவேன், ஆமா நீதான் செஞ்சேன்னு அவங்க சொல்லுவாங்க. ஒரு மணி நேரம் நிக்கவெச்சுப் பேசுவாங்க. நான் அழுவேன். எனக்கு இப்பவே அழுகை வருது, அதுல கஷ்டம் இல்ல. அப்புறம் காபி குடுப்பாங்க. ஒம்போது நாள்ல பரீட்சைண்ணே. எழுதுங்க. உங்க தங்கச்சியா நெனச்சு எழுதுங்க.

ஏன் பேனாவை மூடறீங்க? மனசு வரலையா? உங்களுக்கு என்னண்ணே, நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவீங்க.

கேட் சத்தம். வந்துட்டாங்க. ஆட்டோவை அனுப்பறாங்க, கேக்குதா? அந்தத் தாளை மடிச்சுப் பைக்குள்ள வைங்க, தயவுசெஞ்சு. வாயால சொல்றதை நான் சொல்லிக்கிறேன், நீங்க தலையை ஆட்டினாப் போதும். அந்தச் சந்தனத் தூளை இப்படிக் குடுங்க. கொஞ்சம் தண்ணி விட்டுக் கையில பூசிக்கிறேன், பாத்துத் திட்ட அவங்களுக்கு ஒரு கை வேணும்ல... ம், இந்தா, பிடிச்சுக்குது. நகத்துக்குள்ளயும் இருக்கட்டும். மூணு விரல் போதும்.

வாங்கம்மா. டாக்டர் என்ன சொன்னாரு? உக்காருங்க, வேர்த்திருக்கு பாருங்க. மெக்கானிக் அண்ணன் கண்டுபிடிச்சுட்டாரும்மா. நான்தாம்மா. புத்தி கெட்டுப்போய், பூஜையன்னைக்கு அது பின்பக்கம் சந்தனத்தை நான்தாம்மா அப்பிட்டேன். என் கையப் பாருங்கம்மா.